நானூற்றுப் பன்னிரண்டாவது வரி

சேது,

இதை நீ நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில்தான் படிக்கப்போகிறாய். எழுத்துக் கூட்டிப் படிக்க உனக்கு அரை நாள் ஆகும் என்று தெரியும். வங்காளியில் எழுதியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவாய். ஆனால் எனக்கு வங்காளியில் காய்கறிக்காரரிடம் சண்டை போடத்தான் வரும், மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு வராது. மலர்க் குழுச் செயலாளர் என்னிடம் கேட்டது "கணினியும் நம் குழந்தைகளும்" என்று நான்கு பக்கம். ரிடையர் ஆகப்போகிற மாமி ஏதாவது நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவாள் என்று பாவம் நம்பிவிட்டார். அவருக்கு இதைத்தான் கொடுக்கப்போகிறேன். போடமாட்டேன் என்றால் நகல் எடுத்து, விழா அன்று சங்க வாசலில் நின்று நானே எல்லோருக்கும் கொடுப்பேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றி இந்த மனிதர்கள் நடுவில்தான் நான் வருஷக்கணக்கில் தப்பாகப் பேசினேன். கொலுவுக்கு வந்தவர்கள் கேட்டபோதெல்லாம் "அவனுக்குப் புத்தி இருக்கு, பொறுமைதான் இல்லை" என்றேன். அதனால் திருத்தமும் இவர்கள் நடுவில்தான் வரவேண்டும்.

போன மாதம் நீ கல்யாணத் தேதி பேச வந்தாயே, நாம் மூவரும் பவானிபூரில் நீ கட்டிக்கொள்ளப்போகிற மௌஷுமியின் வீட்டுக்குப் போனோமே, அன்றிலிருந்துதான் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அம்மா தட்டு நிறையச் சந்தேஷும், சிங்காடா என்று அவர்கள் சொல்லும் சமோசாவும் வைத்து, உன் அப்பாவுக்குச் சர்க்கரை என்று சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்கள். அவள் அப்பா கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், அதனால் உன்மேல் அவருக்குத் தனி ஆசை. "ஆராய்ச்சியைப் பாதியில விட்டுட்டியாமே, ஏம்ப்பா?" என்று வங்காளியில் கேட்டார். நீ சிரித்தாய். "எனக்குக் கவனம் பத்தாது மேசோமஷாய். மூணு இடத்துல தப்பா எழுதிட்டேன், மொத்தமும் போச்சு. அம்மாவையே கேளுங்க, அவங்க அந்த லேப்லதான் இருந்தாங்க" என்றாய். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒரு சந்தேஷை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். வாயில் இனிப்பு இருப்பவளை யாரும் பதில் சொல்லச் சொல்லமாட்டார்கள். உன் அப்பா மட்டும் வாசலில் விட்ட தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவனம் போதாது என்று நீ எவ்வளவு சுலபமாகச் சொன்னாய்! மும்பைக்குப் போன இந்த எட்டு வருஷத்தில் அதை எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லி இந்தச் சுலபம் வந்திருக்கும்!

உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன், மற்றவர்களுக்கும் புரியவேண்டும். நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சி நிலையத்தில், கணக்கு வாத்தியார்கள் கையால் செய்தால் ஆயுள் போதாத கணக்குகளைச் செய்கிற ஒரு ப்ரோக்ராம் இருக்கிறது. அதை எழுதியவர்களில் நான் ஒருத்தி. கடைசியில் அதைக் கட்டிக் காத்தவள் நான் மட்டும்தான். மித்ராதா என்று எல்லோரும் கூப்பிடும் எங்கள் தலைவர், யார் எது கேட்டாலும் "மேடமைக் கேளு" என்று என் மேசையைக் காட்டுவார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. நீ அங்கேயே ஆராய்ச்சி மாணவனாக வந்து சேர்ந்தபோது, என் ப்ரோக்ராமை என் பிள்ளையே பயன்படுத்தப்போகிறான் என்று பாலிகஞ்ச் ஸ்டேஷனில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன்.

உன் வேலை இரண்டாயிரத்துச் சொச்சம் சமன்பாடுகளுக்கு ஒவ்வொன்றாக ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது. அந்த எண் எப்போதும் இரட்டைப்படையாகவே வரும் என்று உனக்கு ஓர் ஊகம் இருந்தது. அதைத்தான் உன் விதி என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் நடுவில் பத்து இருபது துணைச் சமன்பாடுகளை ப்ரோக்ராம் தானே உண்டாக்கிக்கொள்ளும். மொத்தமும் ஓடி முடிய நான்கு நாள் வேண்டும். ஆனால் இரண்டாவது நாளே மெஷினின் நினைவகம் முழுதும் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். நீ என் மேசைக்கு வந்து, எல்லோர் எதிரிலும், "அம்மா, உன் ப்ரோக்ராம் மறுபடி செத்துப்போச்சு" என்பாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

கோளாறு இதுதான். ஒரு தடவை உண்டாக்கிய சமன்பாட்டை மறுபடி உண்டாக்கி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று, ப்ரோக்ராம் எல்லாவற்றையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். பதிவேட்டில் பெயர் இருக்கும்வரை அந்தச் சமன்பாடு நினைவகத்தில் இடத்தைக் காலி செய்யாது. யாருக்கும் வேண்டாமல் போன பிறகும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். இதைத்தான் நாங்கள் மெமரி லீக் என்போம். நான் மூன்று மாதம் உட்கார்ந்து அந்தப் பதிவேட்டின் பிடியைத் தளர்த்தினேன். வீக் ரெஃபரன்ஸ் என்று பெயர், அப்படித் தளர்த்திய பதிவேடு வீக் டேபிள். நம் கட்டடத்தில் கீழே எந்த ஃபிளாட்டில் யார் என்று ஒரு பலகை மாட்டியிருக்கிறதல்லவா, அது மாதிரி. பலகையில் பெயர் இருப்பதால் யாரும் அந்த வீட்டில் இருந்தாகவேண்டிய கட்டாயம் இல்லை. அவர்கள் காலி செய்துகொண்டு போனால் பெயரை அழித்துவிட வேண்டியதுதான். அப்படிச் செய்த பிறகு உன் கணக்கு நான்கு நாளும் நிற்காமல் ஓடியது. நினைவகத்தின் அளவைக் காட்டுகிற கோடு ஏறாமல் நேராகப் போவதை மித்ராதாவைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் லேபுக்கே ரசகுல்லா வாங்கிக் கொடுத்தார். கோடு நேராக இருக்கிறதா என்று நூறு தடவை பார்த்தேன். விடைகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

நான் மறந்தது இரண்டே இரண்டு வரி. பல வருஷங்களுக்கு முன்னால், மெஷின்கள் நத்தையாக ஊர்ந்த காலத்தில், வேகத்துக்காக இன்னொரு சின்னப் பட்டியல் வைத்திருந்தேன். நினைவகத்தில் இன்ன இடத்தில் இருக்கும் சமன்பாட்டுக்கு விடை இது என்று அதில் குறித்திருக்கும். எதுவுமே காலி செய்யாத காலத்தில் அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. நான் காலி செய்யவைத்த பிறகு, ஒன்று போன இடத்தில் புதிதாக இன்னொன்று வந்து உட்கார ஆரம்பித்தது. பட்டியலோ பழைய ஆளின் விடையைப் புதிய ஆளின் கையில் கொடுத்தது. நம் கட்டடத்தில் கோஷ் குடும்பம் போன பிறகும் அவர்கள் கடிதங்கள் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களிடம் போய்க்கொண்டே இருந்ததே, அதே கதைதான். எப்போதாவது நடக்கும். உன் இரண்டாயிரத்துச் சொச்சத்தில் மூன்றே மூன்று இடத்தில் நடந்தது. மூன்றிலும் ஏதோ ஒரு துணைச் சமன்பாட்டின் ஒற்றைப்படை எண் உன் விடையாக வந்து உட்கார்ந்தது.

லேபில் அச்சடிக்க அவ்வளவு தாள் கிடையாது, மெஷினும் விடைகளைச் சேமித்து வைக்காது. நீ திரையைப் பார்த்து நீள நோட்டில் விடைகளை வரிவரியாக எழுதிக்கொண்டாய். வரி 412, வரி 1163, வரி 1890. இந்த மூன்றும் உன் விதிக்கு அடங்கவில்லை. வேறொருவனாக இருந்தால் சத்தமில்லாமல் விட்டிருப்பான். நீ அவற்றை விலக்குகள் என்று ஒழுங்காகக் குறித்து, ஏன் விலக்கு என்று நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டாய். சாப்பாட்டு மேசையில் சாதத்தைப் பிசைந்தபடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாய். அவற்றைத் தனியாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவின் ப்ரோக்ராம் அல்லவா, அதை எப்படிச் சந்தேகப்படுவாய்? நீ நாலாவது படிக்கும்போது ஒரு கணக்கைத் தப்பு என்று டீச்சர் அடித்துவிட்டார் என்று, முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடத்துக்குப் போய், கரும்பலகையில் போட்டுக் காட்டி அவரைச் சரி போடவைத்தவள் நான். கணக்கில் அம்மா சொன்னால் அது சரி என்று அன்றைக்கே உன் மனசில் பதிந்துவிட்டது. அந்த மழை நாளைப் பற்றி நீ பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் நான் இப்போது எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

பிறகு அந்தக் கருத்தரங்கு. வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர், உன் 412-ஐப் பார்த்ததும் எழுந்து, ஆரம்பத்தில் வரும் சின்னக் கணக்குதானே என்று பலகையில் கையாலேயே போட்டார். நான்கு வந்தது. உன் அட்டவணையில் மூன்று. உன் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான கைடின் முகம் கறுத்துவிட்டது. நீ மெதுவாக, "ப்ரோக்ராம் கொடுத்தது மூணுதான்னு நினைக்கிறேன்" என்றாய். நினைக்கிறேன் என்று மரியாதையாகத்தான் சொன்னாய். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் விருட்டென்று எழுந்தேன். "ப்ரோக்ராமில் தவறு இல்லை. பார்த்து எழுதியவரிடம் இருக்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். உன் பெயரைக்கூடச் சொல்லவில்லை, எழுதியவராம்! யாரும் என்னைக் கேட்கவில்லை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அந்தக் கணக்கைத் தனியாக ஓட்டினாய். நான்கு வந்தது. வரத்தான் செய்யும், தனியாக ஓடும்போது பழைய ஆள் யாரும் அந்த இடத்தில் இருந்து போயிருக்கமாட்டார்கள். மற்ற இரண்டும் பெரிய கணக்குகள், அவற்றை ஓட்டக் கடைசிவரை உனக்கு மெஷின் நேரம் கிடைக்கவில்லை. நீ வீட்டுக்கு வந்து சமையலறை நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"அம்மா, நீ போட்ட வீக் டேபிளால இருக்குமா?"

"ஓடாம நின்னபோதும் என் ப்ரோக்ராம் மேல பழி. இப்ப நிக்காம ஓடறது, அதுக்கும் என் மேலயே பழியா?"

"பழி இல்லம்மா. மொத்தத்தையும் இன்னொரு தரம் ஓட்டிப் பார்த்துடறேனே. நாலு நாள் மெஷினைக் கொடு."

"முடியாதுடா. மத்தவங்க வரிசைல காத்துட்டிருக்காங்க. என் பிள்ளைங்கறதுக்காக உனக்கு மட்டும் கொடுத்தேன்னு பேச்சு வரக்கூடாது."

மெஷின் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது என் பொறுப்பாக இருந்தது. சலுகை காட்டாத நேர்மையான பெண்மணி! அன்றைக்கு நான் கொடுக்க மறுத்தது நான்கு நாள். வேறு எந்த மாணவன் கேட்டிருந்தாலும் ஒரு வாரத்துக்குள் கொடுத்திருப்பேன். நான் பயந்தேனா என்று கேட்டால், ஆமாம், உள்ளுக்குள் எங்கேயோ பயந்தேன். அதை நேர்மை என்று பெயர் சொல்லி மூடிவைத்தேன். இதில் உனக்கும் மௌஷுமிக்கும் ஒரு புத்தி சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: சண்டையில் "என்மேல தப்பே இல்லை" என்று மூச்சு விடாமல் வாயில் வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். புத்தி சொல்ல எனக்கு யோக்யதை கிடையாதுதான்.

412 தப்பு என்றால் மற்ற இரண்டு விலக்கும் தப்பாகத்தான் இருக்கும், மூன்று வரியைப் பார்த்து எழுதத் தெரியாதவனின் மற்ற இரண்டாயிரத்தை எப்படி நம்புவது என்று உன் கைடு கேட்டார். கெட்டவர் இல்லை. "ஆறு மாசம் எடுத்துக்கோ, தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சு எழுதிக் கொண்டுவா, மறுபடி பார்க்கறேன்" என்றார். நீ கண்டுபிடிக்க என்ன இருந்தது? உன் நோட்டையே திரும்பத் திரும்பப் புரட்டினாய். உன் கையெழுத்தை நீயே சந்தேகப்பட்டாய். வெளியே போகும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பழக்கம் உனக்கு அந்த நாளில்தான் வந்தது. போன மாதம்கூடப் பார்த்தேன், இன்னும் இழுக்கிறாய். பிறகு ஒரு மாதத்திலேயே மும்பையில் இன்ஷூரன்ஸ் வேலைக்கு எழுதிப்போட்டாய், கிடைத்தது, கிளம்பிவிட்டாய்.

தப்பு எனக்குத் தெரியவந்தது ஒரு மெயிலால். வேறு ஊரில் எங்கள் புது ப்ரோக்ராமை முன்கூட்டியே வாங்கிச் சோதித்துப் பார்க்கும் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ஒரே கணக்கு தனியாகக் கொடுத்தால் ஆறு, நீண்ட ஓட்டத்தின் நடுவில் கொடுத்தால் ஐந்து, ஏன் மேடம்? படித்து முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் இல்லாத ஒரு சனிக்கிழமை, உன் கணக்கை ஆரம்பத்திலிருந்து ஓட்டி, 412 வரும்வரை பக்கத்திலேயே இருந்தேன்; முதல் சில நூறும் சின்னவை, சீக்கிரம் ஓடிவிடும். மூன்று என்று வந்தது. நீ பார்த்து எழுதியது சரி. திரையில் இருந்ததைத்தான் நீ எழுதியிருந்தாய். திங்கட்கிழமை அந்த இரண்டு வரியையும் எடுத்தேன். புதிய பதிப்போடு போகும் குறிப்பில் "சிறு திருத்தங்கள்" என்று எழுதினேன். அது எப்போது நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதே எழுதினால் மீதியை எழுதக் கை வராது.

அப்பாவிடம் ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அவனுக்கு போன் பண்ணு" என்றார். "இப்ப சொல்லி என்ன ஆகப்போறது, வேலைல நன்னா இருக்கான், எதுக்கு அவன் மனசைக் கலைக்கணும்" என்றேன். அவர் வாதம் செய்கிறவர் இல்லை. ஆனால் அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்யும்போது, ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு அங்கேயே நிற்பார். நான் உன்னிடம் சாப்பாட்டைப் பற்றியும் மும்பை மழையைப் பற்றியும் பேசி முடித்து வைத்ததும் உள்ளே போவார். வருஷக்கணக்கில் அப்படிப் போனார்.

பவானிபூரிலிருந்து வந்த மறுநாள் லேபுக்குப் போய் உன் பழைய ஃபைலைத் தேடினேன். உன் பெயரில் இருந்த கணக்கை யாரும் அழிக்கவில்லை. திருத்திய ப்ரோக்ராமில், புது மெஷினில், மொத்தத்தையும் ஓட்டினேன். அன்றைக்கு நான்கு நாள் கேட்டாயே, இப்போது ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கான்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. நீ விட்டுப்போன நோட்டோடு வரிக்கு வரி ஒப்பிட்டேன். மூன்றைத் தவிர எல்லாம் நீ எழுதியபடியே இருந்தன, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

அன்று மத்தியானமே உனக்கு போன் செய்தேன். உன் ஆபீஸ் நேரம். "அந்தத் தப்பு உன்னோடது இல்லைடா, என்னோடது" என்று ஆரம்பித்து உளறிக் கொட்டினேன். நான் முடித்ததும், "நானூத்திப் பன்னெண்டு நாலு, தெரியும். ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு?" என்று கேட்டாய். எண்களை நான் சொல்லவே இல்லை, உனக்கு அவை மறக்கவில்லை. "ரெண்டு" என்றேன். "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூறு?" "நாலு." பிறகு, "அப்ப என் ரூல் சரிம்மா!" என்றாய். உன் குரலில் கோபம் துளிகூட இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் இருந்த குரல். ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்குப் பிறகுதான் உனக்கு உறைத்தது. "உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாய்.

"ஏழு வருஷமா" என்றேன்.

நீ போனை வைத்துவிட்டாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆகிறது, நீ கூப்பிடவில்லை. கல்யாணத்துக்கு என்னை வராதே என்று சொன்னால் வரமாட்டேன். அப்பா வரட்டும், அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் நீ எதை முடிவு செய்வதானாலும் சரியான கணக்கை வைத்துக்கொண்டு செய்யவேண்டும், அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏழு வருஷம் என்றால், நீ போய்ச் சேர்ந்து, வேலையில் ஊன்றி, எல்லாம் கைமீறிப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது என்று ஆகும். அப்பாவிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அவரும் இதை மலரில்தான் படிப்பார். உண்மையில் அந்த மாணவியின் மெயில் வந்தது நீ கிளம்புவதற்குப் பதினோரு நாள் முன்னால். நான் அந்தச் சனிக்கிழமை 412-ஐப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது நீ கூடத்தில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய். உன் கைடு கொடுத்த அவகாசத்தில் இன்னும் நான்கு மாதம் பாக்கி இருந்தது. புதுப் பதிப்பு அந்த மாதம்தான் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்குப் போகவிருந்தது, கூடவே அந்த வீக் டேபிளைப் பற்றி நான் எழுதிய கட்டுரையும். அவன் போய்ச் சேரட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஹவுராவில் வண்டி நகர ஆரம்பித்ததும் நீ ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் விரலைப் பிடித்துக்கொண்டு, "நான் போறது சரிதானேம்மா?" என்று கேட்டாய். நான் பிளாட்பாரத்தில் கூடவே நடந்துகொண்டு, "சரிதாண்டா, உனக்கு இந்த ஆராய்ச்சி ஒத்துவராது" என்றேன்.

அம்மா